மண்புழு சாகவில்லை, அப்போ மருந்து பாதுகாப்பானதுதானே?

எருக்குழி | ஜூன் 4, காலை 9:10

ஒரு சந்தேகம். தோட்டத்துக்கு அடிக்கிற ஒரு பூஞ்சாணக்கொல்லியின் தகவல் தாளில் "மண்புழு, 14 நாள் எல்சி50: ஒரு கிலோ உலர்ந்த மண்ணுக்கு 1000 மி.கி.க்கு மேல்" என்று போட்டிருக்கிறது. நானும் ஒரு வாளியில் மண்ணை நிரப்பி, லேபிளில் சொன்ன அளவு மருந்தைக் கலக்கி மேலே ஊற்றி, பத்துப் புழுவை விட்டுப் பார்த்தேன். ரெண்டு வாரம் கழித்துக் கொட்டினால் பத்தும் துள்ளுகிறது. அப்புறம் ஏன் எல்லாரும் மருந்து அடித்தால் மண்புழு போய்விடும் என்று பயமுறுத்துகிறீர்கள்? லேப் பக்கம் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மண்கிளறி | ஜூன் 4, இரவு 10:40

அந்தப் பக்கம் சில வருஷம் இருந்தவன். உங்கள் வாளியும் அந்தத் தாளும் கேட்டது ஒரே கேள்வி: பதினாலு நாளில் செத்ததா? சாகவில்லை. சரி. அதற்கு மேல் அந்த எண்ணிடம் எதையும் கேட்காதீர்கள், அதற்குத் தெரியாது.

அந்த 14 நாள் சோதனை ஓ.இ.சி.டி. (பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு) போட்ட 207 என்ற வழிகாட்டி, 1984-ல் வந்தது. புழு, ஐசீனியா ஃபெட்டிடா. சாணக் குவியலில் நெளியும் சிவப்புப் புழு, மண்புழு உரம் போடுகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். மண் என்று சொல்வது நிஜ மண்ணே கிடையாது. ஸ்பேக்னம் பீட் (சதுப்பில் மட்கிய பாசி) 10 சதம், கயோலின் களிமண் 20, மீதி 70-க்கு குவார்ட்ஸ் மணல். கால்சியம் கார்பனேட் போட்டு பிஎச் 6-க்குக் கொண்டு வர வேண்டும். அறை 20 டிகிரி. விளக்கை ராத்திரியும் அணைக்கக் கூடாது. இருட்டினால் புழு மேலே ஏறி மூடியில் ஓட்டை தேடும், வெளிச்சம் இருந்தால் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். ஜாடிக்குப் பத்துப் புழு, ஒவ்வொன்றும் 300-லிருந்து 600 மி.கி., கழுத்துப் பக்கம் பட்டை தடித்த வயசுக்கு வந்த புழுவாக இருக்க வேண்டும். ஒரு செறிவுக்கு நாலு ஜாடி. ஏழாம் நாள் கொட்டி எண்ணிவிட்டு அதே மண்ணோடு திரும்பப் போட வேண்டும், பதினாலாம் நாள் மறுபடி கொட்ட வேண்டும். மருந்தே படாத ஜாடியில் 10 சதத்துக்கு மேல் செத்திருந்தால் மொத்தச் சோதனையும் செல்லாது.

இதில் பாதிப் புழுவைக் கொல்கிற செறிவுதான் எல்சி50. உங்கள் மருந்து 1000 வரைக்கும் பாதியைக் கொல்லவில்லை. அவ்வளவுதான் தாள் சொல்வது.

மண்கிளறி | ஜூன் 4, இரவு 10:55

விட்டுப்போனது: செத்ததா இல்லையா என்று தலைப்பக்கத்தை மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும், அசையாவிட்டால் செத்தது. ஆனால் பிணம் கிடைப்பதே அபூர்வம். மண்ணில் ரெண்டு மூணு நாளில் கரைந்து போகும். பத்து விட்டு ஏழு கிடைத்தால் மூணு செத்தது என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். புதுசாக வந்த பசங்க மட்டும் அந்த மூணைத் தேடி மண்ணை மூணு தரம் சலிப்பார்கள்.

மண்கிளறி | ஜூன் 5, காலை 7:20

"தலைப்பக்கம் எது?" என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். பட்டை எந்த முனைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் தலை. தவறான முனையைத் தொட்டாலும் உயிருள்ள புழு கோபித்துக்கொள்ளும், கவலைப்படாதீர்கள். ரொம்ப நோண்டினால் ஐசீனியா மஞ்சளாக ஒரு திரவத்தைக் கசியவிடும். அந்த வாடை கையுறையைத் தாண்டியும் வரும்.

மண்கிளறி | ஜூன் 5, இரவு 9:30

வாளிக்கு வருவோம். மேலே ஊற்றினேன் என்கிறீர்கள். மண்ணில் ஒட்டிக்கொள்கிற மருந்தாக இருந்தால் அது மேல் ரெண்டு விரற்கடையிலேயே நின்றிருக்கும், புழு கீழே போய்ப் படுத்திருக்கும். சோதனையில் மருந்தை மண் முழுக்கக் கலக்கிவிடுவார்கள். தண்ணீரில் கரையாத மருந்து என்றால் அசிட்டோனில் கரைத்து, கொஞ்சம் குவார்ட்ஸ் மணலில் ஊற்றி, அசிட்டோன் ஆவியாகிப் போனபிறகு அந்த மணலை மண்ணோடு கலப்பது வழக்கம். கூடவே அசிட்டோன் மட்டும் போட்ட ஜாடியும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எதனால் செத்தது என்று கடைசியில் சண்டை வரும்.

இன்னொன்று, நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வாளி வைத்தீர்களா? அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே.

எருக்குழி | ஜூன் 6, காலை 8:05

வைக்கவில்லை சார். பத்தும் உயிரோடு இருக்கும்போது ஒப்பிட என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அது இருக்கட்டும், தாளில் இன்னொரு வரி இப்போதுதான் கண்ணில் பட்டது: "56 நாள் என்ஓஇசி: 12 மி.கி./கிலோ". 1000 எங்கே, 12 எங்கே? அச்சுப் பிழையா?

மண்கிளறி | ஜூன் 6, இரவு 11:15

அச்சுப் பிழை இல்லை. அந்த வரிதான் விஷயமே. நல்லவேளை கண்ணில் பட்டது.

56 நாள் என்பது இனப்பெருக்கச் சோதனை, ஓ.இ.சி.டி. 222, 2004-ல் வந்தது. பத்துப் பெரிய புழுக்களை மருந்து கலந்த மண்ணில் நாலு வாரம் விடுவார்கள். இங்கே சாப்பாடு உண்டு, வாரத்துக்கு 5 கிராம் காய்ந்த சாணப்பொடி. 28-ஆம் நாள் பெரிய புழுக்களை எடுத்து, எண்ணி, எடை போட்டு அனுப்பிவிடுவார்கள். அவை இட்ட முட்டைக்கூடுகள் மண்ணிலேயே இன்னும் நாலு வாரம் கிடக்கும். 56-ஆம் நாள் வெளியே வந்திருக்கிற குஞ்சுகளை எண்ண வேண்டும். மருந்தில்லாத ஜாடியில் குறைந்தது 30 குஞ்சாவது இல்லாவிட்டால் சோதனை செல்லாது. என்ஓஇசி என்றால் கண்டுகொள்ளும்படியான பாதிப்பு தெரியாத அதிகபட்சச் செறிவு. உங்கள் மருந்தில் அது 12. சோதித்த அடுத்த செறிவிலேயே குஞ்சு குறைந்திருக்கிறது, பெரிய புழு மட்டும் ஜம்மென்று இருந்திருக்கும்.

அந்தக் குஞ்சு எண்ணுகிற நாள் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. முடிமாதிரி இருக்கும், உள்ளே ஓடுகிற ரத்தம் தெரியும் அளவுக்கு மெல்லிசு. கையால் பொறுக்கினால் பாதி தப்பிவிடும். அதனால் ஜாடியை அப்படியே வெந்நீர்த் தொட்டியில் இறக்குவோம், 50-60 டிகிரிக்கு. சூடு அடியிலிருந்து ஏற ஏற மண்ணுக்கு மேல் முதலில் ஒண்ணு ரெண்டு தலை நீட்டும். இருபது நிமிஷத்துக்குள் மேல்பரப்பே நெளியும். இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டு எண்ணிக்கொண்டே போக வேண்டும். மருந்தில்லாத ஜாடியில் கை ஓயாது. பக்கத்து ஜாடி, அதே பத்துப் புழு, 28-ஆம் நாள் எடையில் கூட வித்தியாசம் காட்டாத புழுக்கள். அதில் வெந்நீர் வேலை முடிந்தபிறகும் மண் சும்மா கிடக்கும். ஒண்ணு வரும். அப்புறம் நாமே டார்ச் அடித்துத் தேடுவோம்.

பதினாலாம் நாளில் நிறுத்தியிருந்தால் ரெண்டு ஜாடிக்கும் ஒரே சான்றிதழ் கொடுத்திருப்போம்.

மண்கிளறி | ஜூன் 7, காலை 6:50

தூங்கி எழுந்ததும் தோன்றியது. "குஞ்சு குறைந்தது" என்பதற்கு நாலு அர்த்தம் இருக்கிறது. முட்டைக்கூடே இடவில்லை, இட்டது பொரிக்கவில்லை, பொரித்தது செத்தது, அல்லது பெரிய புழு சரியாகத் தின்னாமல் இளைத்து எல்லாமே தள்ளிப்போனது. 222 இதைப் பிரித்துச் சொல்லாது. வேண்டுமென்றால் மண்ணைச் சலித்துக் கூடுகளைத் தனியாக எண்ணலாம், ஆனால் வழக்கமாக யாரும் மெனக்கெடுவதில்லை. தின்னாத புழு இருக்கிறதா என்று பார்க்க ஒரு குறுக்குவழி: மேலே தூவின சாணப்பொடி அடுத்த வாரமும் அப்படியே கிடக்கும். முதல் வாரத்திலேயே முடிவு தெரிந்துவிடும், ஆனால் அதை அறிக்கையில் ஓரமாகத்தான் எழுத முடியும்.

மண்கிளறி | ஜூன் 7, இரவு 10:20

எருக்குழி கணக்குக் கேட்டிருக்கிறார்: வயலில் அடிக்கிற அளவை 12-ஓடு எப்படி ஒப்பிடுவது?

ஒரு ஹெக்டேரில் மேல் 5 செ.மீ. மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 சதுர மீட்டர், ஆழம் 0.05 மீட்டர், 500 கன மீட்டர் வரும். கன மீட்டருக்கு 1500 கிலோ என்று வைத்தால் 7,50,000 கிலோ மண். ஹெக்டேருக்கு ஒரு கிலோ மருந்து விழுந்தால் கிலோ மண்ணுக்கு 1.33 மி.கி. உழுது 20 செ.மீ. கலந்தால் அதில் கால்வாசி.

நீங்கள் சொன்ன அளவு ஹெக்டேருக்கு 0.75 கிலோ வீரியப் பொருள் (மருந்தில் நிஜமாக வேலை செய்கிற பகுதி), மூணு தடவை. தடவைக்கு 1 மி.கி. நடுவில் எதுவும் சிதையவில்லை என்று வைத்தால் மூணு தடவைக்கு 3. இப்போது 1000-ஐ 3-ஆல் வகுத்தால் 333. 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4. ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் எண் 10-க்குக் கீழே போனால்தான் கேள்வி, ரெண்டாவது 5-க்குக் கீழே போனாலே கேள்வி. முதல் கணக்கில் உங்கள் மருந்து சாமி மாதிரி இருக்கிறது, ரெண்டாவதில் வாசலிலேயே நிற்கிறது.

அதோடு, தண்ணீரைவிட கொழுப்பில் கரைகிற மருந்து என்றால் எல்சி50, என்ஓஇசி ரெண்டையும் பாதியாக்கிக் கணக்குப் போடுவார்கள். 10 சதம் பீட் உள்ள மண்ணில் அந்த மருந்து பீட்டிலேயே ஒட்டிக்கொண்டு புழுவுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். வயலில் அவ்வளவு மட்கிய பொருள் கிடையாது. அப்படியானால் 4 என்பது 2.

மண்கிளறி | ஜூன் 8, பகல் 1:10

நேற்றைய கணக்குக்கு ஒரு திருத்தம், மருந்துக்குச் சாதகமாக. இலை நிறைய இருக்கும்போது அடித்தால் பாதிக்கு மேல் இலையிலேயே நின்றுவிடும், மண்ணில் விழுவது குறையும். மூணு தடவைக்கு நடுவில் சிதையவும் செய்யும். ஆக, 3 என்பது உச்சம். ஆனால் இலையில் நின்றது எங்கே போகும்? இலை உதிர்ந்து மண்ணுக்குத்தான் வரும். அதைத் தின்பது யார்?

மண்கிளறி | ஜூன் 8, இரவு 11:40

மேலே கேட்ட கேள்விக்குப் பதில் ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. பெனோமில் என்ற பூஞ்சாணக்கொல்லியை ஆப்பிள் தோட்டங்களில் ஸ்கேப் என்ற சொறி நோய்க்கு அடித்தார்கள். லம்ப்ரிகஸ் டெரஸ்டிரிஸ் என்ற பெரிய புழு, ராத்திரி மேலே வந்து உதிர்ந்த இலையை இழுத்துத் தன் வளைக்குள் கொண்டுபோகும். இலையோடு மருந்தும் உள்ளே போனது. புழு குறைந்ததும் இலை தரையிலேயே கிடந்தது. அந்த நோய்க் காளான் குளிர்காலத்தைக் கழிப்பதே உதிர்ந்த இலையில்தான். புழு சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்த நோய்த் தடுப்பு வேலையை மருந்து நிறுத்தி வைத்தது. தாமிர மருந்து வருஷக்கணக்கில் அடித்த தோட்டங்களிலும் இதே மாதிரி, மக்காத இலை மெத்தை போலத் தரையில் சேர்ந்தது.

பெனோமில் மண்ணில் உடைந்து கார்பெண்டாசிம் ஆகும். புழுச் சோதனையில் "இந்தக் கூட்டம் சரியாகத்தான் வினைபுரிகிறதா" என்று சரிபார்க்கப் போடுகிற ஒப்பீட்டு மருந்தே அதுதான். கிலோவுக்கு 1-லிருந்து 5 மி.கி.க்குள் குஞ்சு எண்ணிக்கையில் அடி விழ வேண்டும், விழாவிட்டால் நம் புழுக்களில் கோளாறு.

"பூஞ்சாணத்துக்கான மருந்து புழுவை என்ன செய்யும்" என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். குடற்புழுவுக்குக் கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரை எந்தக் குடும்பம் தெரியுமா? பென்சிமிடசோல். கார்பெண்டாசிமும் அதே குடும்பம். செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் பண்ணும். பேரில் பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, களைக்கொல்லி என்று இருப்பதை வைத்து மண்புழு கணக்கு போட முடியாது. இமிடாகுளோபிரிட் எல்சி50 பத்தைச் சுற்றி இருக்கிறது, பைரித்ராய்டுகள் மண்ணில் இறுக ஒட்டிக்கொள்வதால் பலதும் நூறுகளில் போகும். ரெண்டும் பூச்சிக்குத்தான்.

மண்கிளறி | ஜூன் 8, இரவு 11:52

இதிலிருந்து ஒரு கிளை: சோதனைக்குச் சாணப்பொடி வாங்கும்போது அந்த மாட்டுக்கோ குதிரைக்கோ சமீபத்தில் குடற்புழு மருந்து கொடுத்தார்களா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். காரணம் இப்போது சொல்லத் தேவையில்லை. பண்ணைக்காரர் முதல் தடவை நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

மண்கிளறி | ஜூன் 10, மாலை 5:30

சோதனைப் புழு ஐசீனியா ஃபெட்டிடாவா, அதைப் போலவே இருக்கும் ஐசீனியா ஆன்ட்ரேயா என்று ஒரு டீச்சர் நேரே கேட்டுவிட்டார். மேடம், உங்களுக்குத் தெரிந்துதான் கேட்கிறீர்கள். உடம்பில் வளையம் வளையமாக வரி தெரிந்தால் ஃபெட்டிடா, ஒரே சிவப்பாக இருந்தால் ஆன்ட்ரே. ரெண்டும் தனி இனம். 222 ரெண்டையும் ஒத்துக்கொள்கிறது. பழைய அறிக்கைகளில் ஃபெட்டிடா என்று எழுதியிருப்பதில் எத்தனை ஆன்ட்ரே என்பது அந்த ஜாடிக்கே வெளிச்சம்.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் வேறு. ரெண்டுமே வயல் புழு இல்லை. எருவிலும் குப்பையிலும் வாழ்கிறவை. வயலில் இருப்பவை மண்ணையே தின்று மண்ணுக்குள்ளேயே சுற்றுகிற அபோரெக்டோடியா மாதிரி புழுக்களும், செங்குத்தாக வளை தோண்டுகிற லம்ப்ரிகஸ் மாதிரிகளும். பல மருந்துகளுக்கு இவை ஐசீனியாவைவிடச் சீக்கிரம் அடிவாங்குகின்றன என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அப்புறம் ஏன் ஐசீனியா? வளர்ப்பது சுலபம், சட்டென்று பெருகும், வருஷம் முழுக்க ஒரே வயசுப் புழு கிடைக்கும். அபோரெக்டோடியாவை ஜாடியில் வளர்த்துப் பாருங்கள், ஒரு தலைமுறை முடிவதற்குள் ஆராய்ச்சி உதவித்தொகை முடிந்துவிடும்.

நான் முன்பு ஐசீனியாவை ஒரேயடியாகத் திட்டுவேன். இப்போது அவ்வளவு இல்லை. எல்லா மருந்தையும் ஒரே அளவுகோலில் வைக்க ஏதாவது ஒரு புழு வேண்டும், நாப்பது வருஷ எண்கள் இந்தப் புழுவில்தான் இருக்கின்றன. அதனால்தான் வகுத்துவரும் எண் 1 போதாது, 5 வேண்டும், 10 வேண்டும் என்று இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளி போதுமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

மண்கிளறி | ஜூன் 11, காலை 7:00

ஐரோப்பாவில் 2013-ல் வந்த தரவு விதிகளில் 14 நாள் சோதனையைக் கட்டாயத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள், 56 நாள் சோதனை போதும் என்று. எருக்குழி, நீங்கள் பார்த்த தாளில் 1000 மேலேயும் 12 கீழேயும் இருக்கிறது அல்லவா, அந்த வரிசை பழைய பழக்கம்.

மண்கிளறி | ஜூன் 13, இரவு 9:45

"ரெண்டு மாசம் எதற்கு, புழுவிடமே கேட்டுவிடலாமே, ஓடுகிறதா இல்லையா என்று" என ஒருவர். அதற்கும் சோதனை இருக்கிறது, ஐஎஸ்ஓ 17512. பெட்டியை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் நல்ல மண், ஒரு பக்கம் மருந்து மண். தடுப்பை உருவிவிட்டு அந்தக் கோட்டிலேயே பத்துப் புழுவை விட வேண்டும். 48 மணி நேரம் கழித்துத் தடுப்பைத் திரும்பச் செருகி எண்ணினால் ஆச்சு. எட்டுக்கு மேல் நல்ல பக்கம் போயிருந்தால் அந்த மண் புழுவுக்கு வாழத் தகுதியில்லை என்று அர்த்தம்.

மலிவு, வேகம், பார்க்க சுவாரசியம். ஆனால் நரம்பைத் தாக்குகிற சில மருந்துகளில் கவிழ்த்துவிடும். புழு ஓட நினைப்பதற்குள் உடம்பு மந்தமாகிவிடும், விட்ட பக்கமே கிடக்கும். எண்ணிக்கை ஐந்துக்கு ஐந்து, "பிரச்சினை இல்லை" என்று எழுதத் தோன்றும். அதனால் எண்ணுகிறபோதே நெளிகிறதா, சுருண்டு கிடக்கிறதா என்று பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்வேன்.

கண்ணாடிக் குழாயில் வடிதாளைச் சுற்றி மருந்தை ஊறவைத்து ஒரு புழுவை 48 மணி நேரம் விடுகிற சோதனையும் 207-லேயே உண்டு. மண்ணே இல்லாத மண் சோதனை. எந்த மருந்து தோல் வழியாக வேகமாகப் போகிறது என்று வரிசைப்படுத்தலாம், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மண்கிளறி | ஜூன் 14, இரவு 10:10

ஜாடியை விட்டுவிட்டு வயலிலேயே பார்க்கலாமா என்றால் பார்க்கலாம், ஒரு வருஷம் பொறுமை இருந்தால். மருந்து அடித்த பாத்தி, அடிக்காத பாத்தி, கார்பெண்டாசிம் அடித்த பாத்தி என்று வைத்து, குறிப்பிட்ட மாசங்களில் மண்ணைத் தோண்டிக் கையால் பொறுக்கி, ஆழத்தில் இருப்பவற்றை மேலே வரவழைக்க எரிச்சலூட்டும் கரைசல் ஊற்றுவார்கள். முன்பு ஃபார்மலின், இப்போது கடுகின் காரச்சத்தான அல்லைல் ஐசோதயோசயனேட். ஊற்றிச் சில நிமிஷத்தில் பெரிய புழுக்கள் வளையிலிருந்து விருட்டென்று வரும். உடனே தண்ணீரில் அலசாவிட்டால் நாமே கொன்ற கணக்காகிவிடும். மழை தப்பினால் எண்ணிக்கை எங்கோ போகும். எதனால் குறைந்தது என்று பிரிக்கத்தான் அந்த மூணு பாத்தி.

புழு சாகாததே ஆபத்தான கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் அர்பானாவில் எல்ம் மரங்களுக்கு டிடிடி அடித்தார்கள். இலை உதிர்ந்தது, புழு தின்றது, டிடிடியை உடம்பில் சேர்த்துக்கொண்டு பெரும்பாலும் பிழைத்துக் கிடந்தது. வசந்தத்தில் வந்த ராபின் பறவைகள் அந்தப் புழுக்களைத் தின்று செத்தன. பார்க்கர் என்பவர் 1958-ல் இதைத் தடம்பிடித்து எழுதினார். எருக்குழியின் வாளியில் அந்தப் புழுக்களை விட்டிருந்தால் பத்தும் துள்ளியிருக்கும்.

எருக்குழி | ஜூன் 15, காலை 8:30

சரி சார், ஒத்துக்கொள்கிறேன். திரும்பச் செய்கிறேன், இந்தத் தடவை குஞ்சு எண்ணுகிறேன். வீட்டில் செய்ய முடிகிற மாதிரி சொல்லுங்கள். வெந்நீர்த் தொட்டிக்குப் பதில் ஹீட்டர் வைத்த பிளாஸ்டிக் தொட்டி போதுமா?

மண்கிளறி | ஜூன் 15, இரவு 10:30

போதும். ஆனால் தெர்மாமீட்டர் வையுங்கள், கையை விட்டுப் பார்த்து ஊகிக்காதீர்கள். ஒரே மண்ணில் ஆறு டப்பா: மூணில் மருந்து, மூணில் வெறும் தண்ணீர். மருந்தை ஊற்றாமல் மண்ணோடு கலந்துவிடுங்கள், கையுறை போட்டு. ஈரம், மண்ணைக் கையில் இறுக்கிப் பிடித்தால் உதிராமல் நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. எல்லா டப்பாவுக்கும் ஒரே பெட்டியிலிருந்து புழு, பட்டை விழுந்தவை மட்டும். பெரியதையெல்லாம் ஒரு டப்பாவுக்கும் சின்னதையெல்லாம் இன்னொன்றுக்கும் போட்டுவிடாதீர்கள், குலுக்கிப் போடுங்கள். எந்த டப்பாவில் மருந்து என்று உங்கள் வீட்டில் வேறொருவர் குறித்துவைக்கட்டும், எண்ணி முடிக்கும் வரை நீங்கள் கேட்க வேண்டாம். நிஜ மண்ணில் செய்தால் அதிலேயே ஏற்கெனவே முட்டைக்கூடு இருக்கலாம், முதலில் நன்றாகக் காயவைத்துச் சலித்துவிடுங்கள்.

28-ஆம் நாள் பெரிய புழுவை எடுக்கும்போது எண்ணிக்கையோடு எடையையும் போடுங்கள். 56-ஆம் நாள் எண்ணி முடித்து, எது எது என்று கேட்டபிறகு, வெறும் தண்ணீர் டப்பாக்களில் முப்பது குஞ்சு தேறவில்லை என்றால் மருந்து டப்பா எண்ணிக்கையைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், இங்கே வந்து சொல்லுங்கள், சாணத்திலிருந்து ஆரம்பித்துப் பார்ப்போம்.

எருக்குழி | ஜூன் 15, இரவு 10:50

சாணம் வாங்கும்போது குடற்புழு மருந்து கேட்டுவிட்டேன் சார். நீங்கள் சொன்ன அதே பார்வைதான்.